சோமாலியாவில் அயல்படை 18 ஆண்டுகளாக நிற்பது எதற்கு?

காட்பாடி_மாணவன் – 2 மார்ச் 2025, மாலை 6.12

ஆப்பிரிக்க ஒன்றியப் படை 2007 மார்ச்சில் மொகடிஷுவில் இறங்கியபோது அதற்குக் கொடுக்கப்பட்ட காலம் ஆறு மாதம். இன்று 18 ஆண்டுகள் முடிகின்றன. அமிசோம் என்றார்கள், 2022 இல் அட்மிஸ் என்று பெயர் மாற்றினார்கள், இந்த ஜனவரி முதல் ஆசோம் என்கிறார்கள். பலகை மாறுகிறது, கடை அதே கடை. எண்ணெயும் துறைமுகமும்தான் காரணம், மற்றவை சாக்கு என்பது என் கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

கணியம்பாடி_ஓட்டுநர் – 2 மார்ச் 2025, இரவு 9.40

மறுக்கிறேன். எதற்கெடுத்தாலும் எண்ணெய் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை என்பதுதான் அந்த விடையின் வசதி. சோமாலியாவில் இன்று வரை வணிக அளவில் எண்ணெய் எடுக்கப்படவில்லை. முதலில் படை அனுப்பியது உகாண்டா, அடுத்தது புருண்டி. இரண்டுக்கும் கடற்கரையே கிடையாது. துறைமுகத்தைப் பிடித்து அவர்கள் எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்?

படம் பார்த்தால் ஒன்று புரியும். மொகடிஷுவில் குடியரசுத் தலைவர் இருக்கும் வில்லா சோமாலியா மாளிகையைச் சுற்றிப் பல ஆண்டுகளாகக் காவல் நின்றவர்கள் உகாண்டா வீரர்கள். நாட்டின் தலைவரைச் சொந்தப் படையிடம் ஒப்படைக்க முடியவில்லை என்றால், அயல்படை யாருக்கு எதிராக நிற்கிறது என்ற கேள்வி எழுகிறது. அரசை எதிர்த்துப் போரிடும் இஸ்லாமியத் தீவிரவாத இயக்கமான அல் ஷபாப் மட்டும்தானா எதிரி? தன் படைத்தளபதிகள், போட்டிக் குலங்கள், நேற்றுவரை அமைச்சராக இருந்தவர் என்று அந்தப் பட்டியல் நீளமானது. அழைத்தவருக்கு அயல்படை ஒரு காப்பீடு. காப்பீட்டை யாரும் தாமாக ரத்து செய்வதில்லை.

சம்பளக் கதையும் இருக்கிறது. ஒவ்வொரு வீரருக்கும் ஐ.நா. சபை டாலரில் கொடுக்கிறது, அனுப்பும் அரசு அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. நாளை எழுதுகிறேன்.

3 மார்ச் 2025, காலை 7.15

நாளை என்று சொன்னதற்குள் 'செய்யாறு வாசகர்' திருத்திவிட்டார். அவர் சொல்வதுதான் சரி. ஐ.நா. கொடுத்தது உணவு, எரிபொருள், கூடாரம், மருத்துவம் போன்ற தளவாட உதவி. வீரரின் மாதப் படியைப் பெரும்பாலும் கொடுத்தது ஐரோப்பிய ஒன்றியம். ஆளுக்கு மாதம் 1,028 டாலர். அதில் சுமார் 200 டாலரை அனுப்பிய அரசு பிடித்துக்கொண்டது. 2016 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் தன் பங்கில் ஐந்தில் ஒன்றைக் குறைத்தது. அதே ஆண்டில் புருண்டி அரசின் உள்நாட்டு அடக்குமுறையைக் கண்டித்து, பணத்தை அந்த அரசின் கைக்குப் போகாமல் வீரர்களிடமே சேர்க்க வழி தேடியது. அப்படியென்றால் படையைத் திரும்ப அழைத்துக்கொள்வோம் என்று புருண்டி மிரட்டியது. 'சோமாலிய மக்களின் பாதுகாப்பு' என்பது அந்தத் தகராறில் யார் வாயிலும் வரவில்லை.

பணத்துக்காக மட்டும் சாகிறார்கள் என்று சொல்லவில்லை. 2011 ஆகஸ்டில் அல் ஷபாப் மொகடிஷுவை விட்டு விலகியதற்கு அந்த உகாண்டா, புருண்டி வீரர்கள் தெருத்தெருவாகச் சண்டையிட்டதே முதற்காரணம். எத்தனை பேர் செத்தார்கள் என்ற முழுக்கணக்கை அனுப்பிய நாடுகள் வெளியிட்டதில்லை. எங்கள் வட்டாரத்தில் வீட்டுக்கொருவர் படையில் இருக்கும் கம்மவான்பேட்டை போன்ற ஊரில் பிறந்தவனுக்கு, கணக்கில் வராத சாவு என்பது படித்துவிட்டுத் தாண்டிப் போகும் செய்தி அல்ல.

3 மார்ச் 2025, இரவு 10.20

இதற்கு மொகடிஷு வரை போக வேண்டியதில்லை, ஆற்காட்டுக்குப் பேருந்து ஏறினால் போதும் என்று இன்று மாலை தோன்றியது. பாலாற்றங்கரையில் டெல்லி வாயில் இன்னும் நிற்கிறது. 1751 இல் திருச்சியில் முற்றுகைக்குள் சிக்கியிருந்த முகமது அலிக்கு ஆதரவாக, ராபர்ட் கிளைவ் ஏறத்தாழ 200 ஐரோப்பியரும் 300 சிப்பாய்களுமாக வந்து ஆற்காட்டைப் பிடித்து, ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினார். அந்த உதவியால் நவாப் ஆன முகமது அலி வாலாஜாவுக்கு (வாலாஜாபேட்டை அவர் பெயரால் வந்த ஊர்தான்) அதன்பின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை இல்லாமல் ஒரு நாளும் ஆள முடியவில்லை. அந்தப் படையின் செலவு நவாபின் தலையில் விழுந்தது. செலவைக் கட்டப் பணமில்லாததால் கம்பெனியின் உத்தியோகஸ்தர்களிடமே தனிப்பட்ட முறையில் வட்டிக்கு வாங்கினார். வட்டிக்கு ஈடாக மாவட்டங்களின் வரி வசூலை எழுதிக்கொடுத்தார். வரி கடன்காரருக்குப் போனதால் அவருடைய சொந்தப் படைக்குச் சம்பளம் பாக்கி நிற்பது வழக்கமாயிற்று. சம்பளம் இல்லாத படையை நம்ப முடியாததால் கம்பெனிப் படை இன்னும் கூடுதலாகத் தேவைப்பட்டது.

இந்தச் சுற்றைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். இதில் எந்த இடத்திலும் ஒருவர் மற்றவரை ஏமாற்றுவதற்காக உட்கார்ந்து சதி செய்ய வேண்டிய அவசியம் இருக்கவில்லை; கடன் கொடுத்தவர் கடனைக் கேட்டார், படை நடத்தியவர் படிப்பணம் கேட்டார், நவாப் நாற்காலியைக் கேட்டார், அவ்வளவுதான். 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் லண்டன் நாடாளுமன்றத்தில் பேசிய நீண்ட உரையின் பொருளே இந்த ஆற்காட்டு நவாபின் கடன்கள்தான். ஆற்காட்டு நவாப் என்று பெயர், வாழ்ந்ததோ 1768 முதல் சென்னைக் கோட்டைக்குப் பக்கத்தில், சேப்பாக்கம் மாளிகையில். வில்லா சோமாலியாவைப் படத்தில் பார்த்தபோது எனக்குச் சேப்பாக்கம்தான் நினைவுக்கு வந்தது.

முடிவு தெரிந்ததே. 1801 ஜூலை 31 ஆம் நாள் ஒப்பந்தத்தால் கர்நாடகப் பகுதி (இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல, ஆற்காட்டு நவாபின் ஆட்சிப்பகுதி) முழுவதும் கம்பெனியின் கைக்குப் போனது. ஐம்பது ஆண்டுகளில் நவாபின் ஆட்சி போனதே தவிரக் கம்பெனிப் படை போகவில்லை.

சோமாலியாவில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அரசுப் படை வீரர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் வராத காலம் இருந்தது. அதே சாவடியில் அருகில் நின்ற அயல்நாட்டு வீரருக்கு டாலரில் படி வந்துகொண்டிருந்தது. அந்தச் சோமாலிய வீரன் இரவில் யாருக்கு வழிவிடுவான் என்று கேட்டால் விடை சொல்ல நிபுணர் தேவையில்லை.

4 மார்ச் 2025, பகல் 1.05

'எல்லாவற்றையும் வெள்ளைக்காரன் கணக்கில் எழுதுகிறீர்கள்' என்கிறார் ஒருவர். அமைதி காக்கப் போன படைக்கும் ஆளப் போன படைக்கும் வேறுபாடு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். நான் ஒப்பிட்டது நோக்கத்தை அல்ல, அழைத்தவரின் நிலைமையை.

4 மார்ச் 2025, இரவு 11.30

என் சொந்தக் கணக்கை எழுதாமல் பிறர் கணக்கைப் பேசுவது முறையல்ல என்று சொல்லித் தனியே எழுதியிருக்கிறார் ஒரு பழைய படைத்தோழர். எழுதுகிறேன்.

1987 ஜூலை 29 இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனாவும் கொழும்பில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி இந்திய அமைதி காக்கும் படை இலங்கைக்குப் போனது. அக்டோபரில் புலிகளுடன் போர் தொடங்கியது. நான் 1988 தொடக்கத்தில் போய்ச் சேர்ந்தேன். வேலை லாரி ஓட்டுவது; சக்திமான் வண்டி. வவுனியாவிலிருந்து வடக்கே ரேஷன் கொண்டுபோகும் கான்வாய். தமிழ் தெரிந்தவன் என்பதால் வண்டியை நிறுத்தும் இடங்களில் பேச்சுக்கும் என்னையே கூப்பிடுவார்கள்.

காலையில் முதலில் ரோடு ஓப்பனிங். ஒரு பிரிவு சாலையின் இரு புறமும் நடந்து, கண்ணிவெடி தேடிக்கொண்டு, மதகுகளுக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டு போகும். அவர்கள் 'சரி' என்று சொல்லும்வரை எந்த வண்டியும் நகராது. சில நாள் பத்து மணியாகும், சில நாள் பன்னிரண்டும் ஆகும். ஓமந்தைக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. கிடுகுக் கூரை, ஒரு வாங்கு, மண் அடுப்பு. கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். என்னைத் 'தம்பி' என்பார். முதல் சில மாதங்கள் காசு வாங்கினார். பிறகு வாங்க மறுத்தார். 1988 கடைசியில் ஒரு நாள் மெதுவாகக் கேட்டார்: 'எப்ப தம்பி போறியள்?'

அதற்கு அடுத்த மாதங்களில் எங்கள் வண்டிகள் வரும் நேரத்தில் கடை திறந்திருக்காது.

எங்களை வெறுத்துவிட்டார், போய்த் தொலையச் சொல்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன். வெறுக்கக் காரணமில்லை என்று சொல்லமாட்டேன். 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் இந்தியப் படை நோயாளிகளையும் ஊழியர்களையும் சுட்டுக் கொன்றதை அறிந்த ஒருவர், அந்தப் படையின் சீருடையில் இருந்த எனக்கு எத்தனை மாதம் தேநீர் ஊற்றினார் என்பதே பெரிது.

5 மார்ச் 2025, காலை 6.50

இரவு எழுதியதைப் படித்துப் பார்த்தேன். கதையாகப் போய்விட்டது; இழையைத் தொடங்கிய மாணவத் தம்பியின் கேள்விக்கு அது என்ன விடை என்று நானே கேட்டுக்கொள்கிறேன். விடை இதுதான்: கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது நாங்கள் ஒரு நாள் போய்விடுவோம் என்று. மற்றவர்கள் போகமாட்டார்கள். எங்களுக்குத் தேநீர் கொடுத்தவர் யார் என்று கணக்கு எழுதி வைத்திருக்கும் ஆள் அதே ஊர்க்காரர். ஆகவே 'எப்ப போறியள்' என்றது எங்களை விரட்டும் பேச்சு அல்ல, தேதி கேட்டது. பையனை எப்போது எங்கே அனுப்புவது என்று திட்டமிடத் தேதி வேண்டும். அவருக்குப் பதினாறு வயதில் மகன் இருந்தான். 1989 இல் மாகாண அரசின் பக்கம் நின்ற இயக்கமும் பையன்களைப் பிடித்துக்கொண்டு போய்ப் படையில் சேர்த்தது.

எல்லா இடத்திலும் இதே முடிச்சு. படை நிலைத்து நிற்கும் என்ற நம்பிக்கை இல்லாமல் ஊரார் ஒத்துழைக்கமாட்டார்கள். ஊரார் ஒத்துழைக்காமல் கிளர்ச்சி அடங்காது. கிளர்ச்சி அடங்காமல் 'வேலை முடிந்தது' என்று படை போக முடியாது. 2009 டிசம்பரில் ஒபாமா ஒரே உரையில் ஆப்கானிஸ்தானுக்கு 30,000 பேரைக் கூடுதலாக அனுப்புவதாகவும், 2011 ஜூலையில் திரும்ப அழைக்கத் தொடங்குவதாகவும் அறிவித்தார். உள்நாட்டு வாக்காளருக்கு இரண்டாவது பாதி தேவைப்பட்டது. ஹெல்மண்டில் தேநீர்க்கடை வைத்திருந்தவருக்கும் அந்த இரண்டாவது பாதிதான் காதில் விழுந்திருக்கும்.

5 மார்ச் 2025, இரவு 9.15

'கொத்தனார் மகன்' எழுதியிருப்பது எனக்குப் பிடித்தது: அயல்படை என்பது சென்ட்ரிங் மாதிரி, காங்கிரீட் இறுகும்வரை கீழே முட்டு நிற்க வேண்டும், அவசரப்பட்டுப் பிரித்தால் தளம் தலையில் விழும். எனக்கு இதில் ஒரே ஒரு சந்தேகம். சென்ட்ரிங் பலகைக்கு நாள் வாடகை. வாடகைக்கு விட்டவரிடமே 'எப்போது பிரிக்கலாம்' என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? என் வீட்டுத் தளம் போட்டபோது 'இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும் சார், மழைக்காலம்' என்றார்கள். மழையே இல்லை.

6 மார்ச் 2025, இரவு 10.45

ஆப்கானிஸ்தானைப் பற்றி இன்னொரு இழையில் நான் முன்பு எழுதிய ஒரு வரியைத் தம்பி தேடியெடுத்துப் போட்டிருக்கிறார்: 'சோவியத் படை வெளியேறியதும் நஜிபுல்லா ஆட்சி கவிழ்ந்தது.' (சோவியத் ஆதரவோடு காபூலில் ஆண்டவர் நஜிபுல்லா.) அது தவறு. கடைசிச் சோவியத் வீரர் 1989 பிப்ரவரி 15 இல் எல்லையைத் தாண்டினார். நஜிபுல்லா 1992 ஏப்ரல் வரை தாங்கினார். இடையில் ஜலாலாபாத் மீது வந்த பெருந்தாக்குதலை அவருடைய படையே முறியடித்தது. அவரை வீழ்த்தியது, 1991 கடைசியில் சோவியத் ஒன்றியம் கலைந்து, பணமும் எரிபொருளும் ஆயுதமும் நின்றுபோனது.

அப்படியென்றால் 2021 இல் அமெரிக்க ஆதரவில் நின்ற காபூல் அரசு ஏன் மூன்று ஆண்டுகள்கூடத் தாங்கவில்லை? மூன்று ஆண்டுகள் என்ன, கடைசி அமெரிக்க வீரர் ஆகஸ்ட் 30 இல் விமானம் ஏறுவதற்கு முன்பே, 15 ஆம் நாளே காபூல் விழுந்துவிட்டது. இதைப் பல நாள் யோசித்திருக்கிறேன். ஓட்டுநரின் புத்தி வண்டியைத்தான் முதலில் பார்க்கும். எனக்குக் கிடைத்த விடையும் அங்கேதான் தொடங்குகிறது.

ஆப்கான் படையை அமெரிக்கர்கள் தங்களைப் போலவே கட்டினார்கள். சண்டை மூண்டால் வானிலிருந்து குண்டு, காயம்பட்டால் ஹெலிகாப்டர், சாவடிக்கு ரேஷனும் விமானத்தில். அந்த விமானங்களைப் பழுது பார்த்தவர்கள் பெரும்பாலும் அயல்நாட்டு ஒப்பந்த ஊழியர்கள். படையோடு சேர்ந்து அவர்களும் போனார்கள். மெக்கானிக் போனபின் வண்டி எத்தனை நாள் ஓடும்? பக்ராம் விமானதளத்தை 2021 ஜூலை தொடக்கத்தில் இரவோடு இரவாகக் காலி செய்தபோது, அங்கே பொறுப்பேற்க வேண்டிய ஆப்கான் தளபதிக்கே சொல்லவில்லை. அதற்கு முன் 2020 பிப்ரவரி 29 இல் தோஹாவில் அமெரிக்காவும் தாலிபானும் ஒப்பந்தம் செய்தபோது காபூல் அரசு அந்த மேசையிலேயே இல்லை. சாவடியில் இருந்த வீரனுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் செய்தி சொல்லியிருக்க முடியாது. போதாக்குறைக்கு, சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடிருந்த ஆட்கள் வேறு. இல்லாத ஆளுக்கு வருகைப் பதிவு போடும் வித்தையை நம் பக்கத்தில் அறியாதவர் இல்லை.

இருபது ஆண்டுகளில் கட்டப்பட்டது படையாகத்தான் இருந்தது. அது தனியாக ஓடும்படி கட்டப்படவில்லை. கட்டியவர் நிற்கும்வரை அந்தக் குறை வெளியே தெரியாது, தெரிந்தால் 'இன்னும் சில ஆண்டுகள் இருக்க வேண்டும்' என்ற அறிக்கையாகத்தான் தெரியும்.

7 மார்ச் 2025, காலை 8.00

சிலர் மாலியைக் காட்டுகிறார்கள். 'பார், விரட்டினார்கள்.' 2013 ஜனவரியில் மாலி அரசு அழைத்துத்தான் பிரெஞ்சுப் படை வந்தது. வடக்கு நகரங்களைச் சில வாரங்களில் மீட்டது. பிறகு ஒன்பது ஆண்டுகள் நின்றது. 2020 இலும் 2021 இலும் படைப்புரட்சி நடந்தது. 2022 ஆகஸ்டில் பிரெஞ்சுப் படை போனது. 2023 இறுதியில் ஐ.நா. படையும் போனது. ஆனால் அதற்கு முன்பே, 2021 டிசம்பரிலிருந்து, ரஷ்ய வாக்னர் கூலிப்படை உள்ளே வந்திருந்தது. வாடகைதாரரை மாற்றியதை வீடு காலியாயிற்று என்று சொல்ல முடியுமா? படைப்புரட்சி செய்தவர்களுக்குத் தங்கள் நாற்காலிக்கும் காவல் வேண்டும்; பிரெஞ்சுக்காரர் அதைச் செய்யமாட்டார்கள், வந்தவர்கள் செய்வார்கள்.

7 மார்ச் 2025, இரவு 9.55

இல்லை, காலையில் எழுதியதில் ஒரு பாதியை விட்டுவிட்டேன். மாலி மக்கள் பிரெஞ்சுப் படைக்கு எதிராகத் தெருவில் இறங்கியது நடிப்பல்ல. 2013 இல் அதே மக்கள் பிரெஞ்சுக் கொடியை அசைத்து வரவேற்றதும் நடிப்பல்ல. நின்றுகொண்டே இருக்கும் அயல்படை, தான் அடக்க வந்த கிளர்ச்சிக்குத் தானே ஆள் சேர்த்துக் கொடுக்கிறது. இலங்கையில் இது இரண்டு பக்கமும் நடந்தது. வடக்கில் புலிகள், தெற்கில், இந்தியப் படை மண்ணில் நிற்பதையே முழக்கமாக்கி, சிங்கள இடதுசாரி இயக்கமான ஜே.வி.பி. வளர்த்த கிளர்ச்சி. பிரேமதாசா 1989 ஜனவரியில் இலங்கைக் குடியரசுத் தலைவராகப் பதவியேற்று, ஜூன் மாதம், ஜூலை 29 க்குள் இந்தியப் படை போக வேண்டும் என்று கெடு வைத்தார். அழைத்த நாடே போகச் சொல்கிறது. அனுப்பிய நாடோ, தமிழர் பாதுகாப்புக்கும் அதிகாரப் பகிர்வுக்கும் உறுதி கொடுத்திருக்கிறோம், அது நிறைவேறாமல் எப்படிப் போவது என்கிறது. அந்த மாதங்களில் இலங்கை அரசு இந்தியப் படையை எதிர்க்கப் புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தது.

எங்கள் அலகு 1989 கடைசியில் திரும்பியது. கடைசிக் கப்பல் 1990 மார்ச் 24 இல் திரிகோணமலையை விட்டது. ஏறத்தாழ 1,200 பேர் திரும்பவில்லை. சென்னைத் துறைமுகத்தில் நடந்த வரவேற்பில் தமிழ்நாட்டு முதலமைச்சர் கலந்துகொள்ளவில்லை. அதற்கு அவர் சொன்ன காரணம், அந்தப் படை தமிழரைக் கொன்றது என்பது. அன்று எனக்குக் கோபம் வந்தது. இன்று அந்தக் கோபத்தைத் தேடினாலும் கிடைக்கவில்லை; அதற்குப் பதிலாக வேறு எதுவும் வந்து உட்காரவும் இல்லை.

ஜூன் 11 இல் புலிகளுக்கும் இலங்கை அரசுக்கும் மறுபடி போர் மூண்டது. நாங்கள் இருந்ததாலும் போர், போனதாலும் போர் என்று ஒரு வசனம் எழுதலாம்; ஆனால் அது உண்மையல்ல. நாங்கள் இருந்தவரை அந்த இருவரும் தங்கள் சண்டையைத் தள்ளிவைத்திருந்தார்கள்.

8 மார்ச் 2025, பகல் 12.30

ஈராக் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: அமெரிக்கப் படை 2011 டிசம்பரில் வெளியேறியதற்கு உடனடிக் காரணம், தங்கள் வீரர்கள் ஈராக்கில் குற்றம் செய்தால் ஈராக் நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்ற பாதுகாப்பைத் தர அந்நாட்டு நாடாளுமன்றம் முன்வராதது. 2014 ஜூனில் மோசூல் விழுந்ததும் அதே படை திரும்ப வந்தது. அப்போது அந்தப் பாதுகாப்பும் கிடைத்தது. வழக்கு எங்கே நடக்கும் என்பதுகூட ஒரு படை இருப்பதையும் போவதையும் தீர்மானிக்கிறது.

8 மார்ச் 2025, இரவு 8.40

'அழைத்தவர் சொன்னால் போய்விட வேண்டியதுதானே' என்று தம்பி மறுபடி கேட்கிறார். அழைத்தவர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வேலூரில் பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறதே, அதில் அடங்கியிருப்பவர் கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். அவரை இறக்குவதற்கு ஆங்கிலப் படையை உள்ளே விட்டவர்கள் அவருடைய பிரதானிகளே. 1815 மார்ச்சில் ஒப்பந்தம் எழுதினார்கள். அரசரை இங்கே கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். 1832 இல் இங்கேயே இறந்தார். அழைத்தவர்கள் எதிர்பார்த்தது அரசர் போவதை. படை தங்குவதை அல்ல. 1817 இல் ஊவாவில் கிளர்ச்சி எழுந்தது. அதை அடக்க அனுப்பப்பட்ட பிரதானி கெப்பெட்டிபொல, போன இடத்தில் கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்துகொண்டார். 1818 நவம்பரில் தலை வெட்டப்பட்டார். போகச் சொல்லும் வாய்ப்பு அதற்குள் அவர்கள் கையில் இல்லை.

சோமாலியாவில் ஆசோம் 2029 இறுதி வரை என்று திட்டம். பணம் எங்கிருந்து வரும் என்பது தீரவில்லை. நிதி கொடுப்பவர் கையை விரித்தால் கெடுவுக்கு முன்பே போவார்கள்; அப்போது அதற்கு 'பொறுப்பை ஒப்படைத்தல்' என்று பெயர் வைப்பார்கள்.

10 மார்ச் 2025, இரவு 9.30

நேற்று ஞாயிறு. மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் முகாமில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தைப் பார்க்கப் போனேன். அந்த வீட்டு அம்மா வவுனியாப் பக்கத்தவர், 1990 இல் படகில் வந்தவர். இங்கே எழுதியதை அவரிடம் சொன்னேன். ஓமந்தைக் கடைக்காரர் பற்றி முதலில் நான் வெறுப்பு என்று நினைத்தது, பிறகு தேதி கேட்டார் என்று திருத்தியது, முடிச்சு, நம்பிக்கை, எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

'காலமை எத்தனை மணிக்கு ரோட்டைத் திறப்பியள்?' என்றார்.

பத்து, சில நாள் பன்னிரண்டு என்றேன்.

'அதுக்குப் பிறகுதான் எங்கட ஆக்களின்ர லொறியை விடுவியள். சந்தை முடிஞ்சு போயிருக்கும். வவுனியாவில இருந்து சீனி வராது, மா வராது. சீனி இல்லாமல் அந்த மனிசன் கடையைத் திறந்து என்ன செய்யிறது?'

எப்போது போகிறீர்கள் என்று அவர் கேட்டது, அன்று கான்வாய் எப்போது கிளம்பும் என்பதாகக்கூட இருக்கலாம் என்றார். எங்கள் வண்டிகள் போனால்தான் பின்னால் மற்ற வண்டிகளை விடுவார்கள்.

அந்தச் சாலையில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஓட்டினேன். பின்னால் ஏற்றியிருந்த மூட்டைகளில் அரிசி, பருப்பு, கோதுமை மாவு, சீனி. அவர் கடை வாசலில்தான் நிறுத்துவோம்.